காற்றை அளக்க வந்த செவ்வாய் இளவரசி



திருவண்ணாமலையில் மலையைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. கிருத யுகத்தில் நெருப்பு மலை, திரேதா யுகத்தில் மாணிக்க மலை, துவாபர யுகத்தில் பொன் மலை, இந்தக் கலியுகத்தில் கல் மலை என்பார்கள். ஒரு காலத்தில் ஜொலித்தது யுகம் போகப்போக மாறிவிடும் என்ற எண்ணம் நமக்குப் பழகியதுதான். நூறு வருடங்களுக்கு முன்பு மேல்நாட்டில் சிலர் ஒரு முழு கிரகத்தையே இப்படிப் பார்த்தார்கள். அந்தக் கிரகம் செவ்வாய். அந்த எண்ணத்தில் பிறந்தவள்தான் காமிக்ஸ் இளவரசி டேஜா தோரிஸ்.

கதை ஒரு மொழிபெயர்ப்புக் குழப்பத்தில் தொடங்குகிறது. 1877இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி, செவ்வாயில் கோடுகள் தெரிவதாகச் சொல்லி அவற்றை 'கனாலி' என்று அழைத்தார். இயற்கையான நீர்த்தடத்துக்கும் அந்தச் சொல் பொருந்தும். ஆங்கிலத்தில் அது 'வெட்டிய கால்வாய்' ஆகிவிட்டது. கால்வாய் என்றால் வெட்டியவன் யார் என்ற கேள்வி வரும் அல்லவா? அமெரிக்கப் பணக்காரர் பெர்சிவல் லோவெல் 1894இல் அரிசோனாவில் ஒரு வானாய்வுக்கூடமே கட்டி, பதிலும் சொன்னார். செவ்வாய் வறண்டு செத்துக்கொண்டிருக்கிறது, துருவத்துப் பனி உருகும் தண்ணீரைக் கொண்டுபோக அங்குள்ளவர்கள் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள் என்றார்.

இந்தப் பின்னணியில்தான் எட்கர் ரைஸ் பர்ரோஸ் வருகிறார். பல தொழில்களில் தோற்று, கடைசியில் பென்சில் சீவும் கருவி வியாபாரத்தில் இருந்தவர். 1911இல் அவர் எழுதிய செவ்வாய்க் கதை 1912இல் ஒரு பத்திரிகையில் தொடராக வந்தது. கிடைத்த பணம் 400 டாலர். 1917இல் புத்தகமானது. கதையில் செவ்வாயின் பெயர் பார்சூம். கடல்கள் வற்றிவிட்டன. மூச்சு விடும் காற்றைக்கூட ஒரு தொழிற்சாலையில் உண்டாக்க வேண்டிய நிலை. அங்கே ஹீலியம் என்ற நாட்டின் இளவரசி டேஜா தோரிஸ். பூமியிலிருந்து போய்ச் சேரும் ஜான் கார்ட்டர் அவளைக் காப்பாற்றுகிறான்.

பலரும் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. எதிரிகளிடம் சிக்கியபோது இளவரசி என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? உலாப் போகவில்லை. ஓர் ஆராய்ச்சிக் குழுவோடு காற்றோட்டங்களைக் குறிக்கவும், காற்றின் அடர்த்தியை அளக்கவும் வந்திருந்தாள்! காற்று குறைந்துவரும் கிரகத்தில் அதைவிட முக்கியமான வேலை எது?

ஆனால் கதை வளர வளர அந்த வேலை மறந்துபோய், கடத்தப்படுவதும் மீட்கப்படுவதுமே அவள் பங்காகிவிட்டது. காமிக்ஸிலும் அதேதான். பர்ரோஸின் மகன் ஜான் கோல்மன் பர்ரோஸ் வரைந்த ஞாயிற்றுக்கிழமைத் தொடர் 1941 டிசம்பர் 7 அன்று, அதாவது பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட அதே நாளில் தொடங்கி, 1943இல் நின்றது. 1965இல் மரைனர் 4 விண்கலம் செவ்வாயின் படங்களை அனுப்பியது. கால்வாயும் இல்லை, நகரமும் இல்லை. வெறும் பள்ளங்கள்! அத்துடன் கதை முடிந்ததா என்றால் இல்லை. 12 வருடம் கழித்து, 1977இல், மார்வெல் நிறுவனம் மறுபடி ஆரம்பித்து 28 இதழ்கள் வெளியிட்டது. தலைப்பில் இருந்தது ஜான் கார்ட்டர் பெயர் மட்டும்.

டைனமைட் நிறுவனம் இளவரசியின் பெயரிலேயே தனித் தொடர் தொடங்கியது 2011இல்தான். அவள் பிறந்து ஏறத்தாழ நூறு வருடம்! (தமிழ் வாசகர்கள் இதில் முந்திக்கொண்டார்கள். 1984இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தபோது முதல் இதழே 'கத்தி முனையில் மாடஸ்டி'.) ஜான் கார்ட்டர் வருவதற்கு 400 வருடம் முந்தைய கதை என்பதால், காப்பாற்ற ஆள் இல்லாமல் அவளே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். ஆனால் அட்டைப்படங்களைப் பார்த்தவர்கள் அவளை ஆராய்ச்சியாளர் என்று நம்பியிருக்க மாட்டார்கள். அரைகுறை ஆடையை வைத்தே இதழ்கள் விற்கப்பட்டன.

இங்கே ஒரு வியாபார விஷயமும் உண்டு. அமெரிக்காவில் முதல் கதையின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் பெயர்களின் வணிகச் சின்ன உரிமை தங்களுடையது என்று பர்ரோஸ் குடும்ப நிறுவனம் 2012இல் டைனமைட் மீது வழக்குப் போட்டது. அட்டைப்படங்களின் ஆபாசமும் புகாரில் இருந்தது. 2014இல் சமரசமானது. இதற்கிடையே 2012இல் வந்த டிஸ்னி படம் அவளை மறுபடி விஞ்ஞானி ஆக்கியது. படம் ஓடவில்லை, சுமார் 20 கோடி டாலர் நஷ்டம். 2018இல் ஏமி சூ என்ற பெண் எழுத்தாளர் எழுதிய காமிக்ஸில், சாகும் கிரகத்தைக் காப்பாற்ற அவள் பழைய தோட்டங்களைத் தேடிப் புறப்பட்டாள். ஒருவழியாகப் பழைய வேலைக்கே திரும்பிவிட்டாள்!

லோவெல் கால்வாய் விஷயத்தில் தோற்றார். ஆனால் செவ்வாய் உண்மையிலேயே தன் காற்றை இழந்த கிரகம்தான். இன்று அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 2014 செப்டம்பரில் போய்ச் சேர்ந்த நாசாவின் மேவன் விண்கலம் இப்போதும் காற்று கசிந்துகொண்டே இருப்பதை உறுதி செய்தது. அதே வாரம், செப்டம்பர் 24 அன்று, நம் மங்கள்யானும் செவ்வாயை அடைந்தது. அதன் ஐந்து கருவிகளில் மேல் வளிமண்டலத்தை ஆராயும் கருவியும் ஒன்று. அன்று பட்டுப்புடவையும் தலையில் பூவுமாக இஸ்ரோ பெண்கள் மகிழ்ந்து கொண்டாடிய புகைப்படம் உலகமெங்கும் பரவியது.

காற்றை அளக்கப் போன பெண் என்று 1912இல் எழுதியதைக் காமிக்ஸ் அட்டைகள் மறந்தன. மங்கள்யான் திட்டத்தில் வேலை செய்த பெண் விஞ்ஞானிகள் அதை நிஜமாக்கிவிட்டார்கள். அவர்களை வைத்து ஒரு காமிக்ஸ் வந்தால் எப்படி இருக்கும்? யோசித்துப் பாருங்கள்!