நெல்லுக்கு நாள் குறித்த கோயில்கள்

வயலில் எப்போது தண்ணீர் விட வேண்டும், எப்போது தரிசாகப் போட வேண்டும் என்பதற்குக் கோயிலில் நாள் குறிக்கலாமா? 1970-களில் இந்தோனேசியாவின் பாலித் தீவுக்கு வந்த வேளாண்மை நிபுணர்களுக்கு அது வெறும் சமயச் சடங்காகவே தெரிந்தது.

பாலி விவசாயிகள் 'சுபாக்' எனப்படும் நீர்ப்பாசனச் சங்கங்களாக இயங்குபவர்கள். 11-ஆம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே இச்சங்கங்கள் பற்றிய குறிப்புகள் உண்டு. ஒரே ஆற்றுநீரைப் பங்கிடும் சுபாக்குகள் நீர்க்கோயில்களில் கூடி நடவுக்காலத்தை முடிவு செய்தன. இக்கோயில்களுக்கெல்லாம் தலைமையாக விளங்கியது, பாத்தூர் ஏரித் தேவியின் ஆலயம்.

பசுமைப் புரட்சி வந்தது. புதிய நெல் ரகங்களை இடைவெளியின்றி நடுமாறு அரசாங்கம் விவசாயிகளை ஊக்குவித்தது. அவரவர் விருப்பப்படி நட்டார்கள். விளைவு என்ன? தண்ணீருக்குத் தட்டுப்பாடு. புகையான் பூச்சி பெருகியது. அதைத் தாங்கும் ரகத்தைக் கொண்டு வந்தபோது துங்ரோ நோய் தாக்கியது. தீவின் பல பகுதிகளில் விளைச்சல் சரிந்தது. ஆசிய மேம்பாட்டு வங்கியின் நிதியுடன் நவீன பாசனத் திட்டமும் நடந்துகொண்டிருந்த காலம் அது.

அமெரிக்க மானிடவியல் அறிஞர் ஸ்டீவன் லான்சிங், கோயில் கூட்டங்களில் நடப்பதைக் கூர்ந்து கவனித்தார். பரந்த நிலப்பரப்பு ஒரே சமயத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிகளுக்கு உணவில்லை, அவை அழியும். ஆனால் எல்லாரும் ஒரே நாளில் நட்டால் ஆற்றுநீர் போதாது. மேல்மடைக்காரருக்குப் பூச்சி பயம். கீழ்மடைக்காரருக்குத் தண்ணீர்க் கவலை. இருவருக்கும் மற்றவர் தயவு தேவை. இந்த இரண்டையும் சமன்செய்யும் இடமாகக் கோயில் இருந்தது.

சூழலியல் அறிஞர் ஜேம்ஸ் கிரெமருடன் இணைந்து, இரண்டு ஆறுகளை ஒட்டிய 172 சுபாக்குகளை அவர் கணினியில் மாதிரியாக அமைத்துப் பார்த்தார். ஒவ்வொரு சுபாக்கும் தனித்தனியாக நட்டால் பூச்சி வென்றது. எல்லாம் ஒன்றாக நட்டால் தண்ணீர் தோற்றது. நீர்க்கோயில்கள் வகுத்திருந்த குழுக்களின்படி நட்டபோதுதான் நல்ல விளைச்சல் கிடைத்தது! 1991-இல் லான்சிங்கின் நூல் வெளிவந்தது. விவசாயிகள் பலர் அதற்கு முன்பே பழைய முறைக்குத் திரும்பியிருந்தார்கள்.

அணை கட்டத் தெரிந்தவர்கள் கண்டறியாத ஒன்றை, மனிதர்கள் எப்படிக் கூடி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர் கண்டறிந்தார். சமூக ஆய்வின் பயன் இதுதான்.

2012-இல் யுனெஸ்கோ பாலியின் சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. ஆனால் சுற்றுலா விடுதிகள் நிலத்தையும் நீரையும் தொடர்ந்து விழுங்கி வருகின்றன. நடுவில் ஒரு வயல் விடுதியாக மாறினால், கீழ்வயலுக்குச் செல்லும் வாய்க்காலும் அறுபடும். பக்கத்து வயல்காரர் இல்லாமல் போனால், கோயில் குறிக்கும் நாள் யாருக்கு?