தஃப்தர் முதல் அப்போஸ்டில் வரை

 

ஓரூரார் எழுதியதை வேற்றூரார் நம்ப வேண்டுமாயின் முத்திரை வேண்டும் என்பது தொன்றுதொட்ட வழக்கம். நபி (ஸல்) அவர்கள் ரோமர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாக் கடிதத்தை அவர்கள் படிப்பதில்லை என்று கூறப்பட்டது. ஆகவே வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பட்டு, அதில் 'முஹம்மது ரசூலுல்லாஹ்' எனப் பொறிக்கப்பட்டது. இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அண்ணலாரின் சொல்லில் தோழர்களுக்கு ஐயமேதும் இல்லை. அறியாத நாட்டாருக்கே அடையாளம் தேவைப்பட்டது.

நமது நிகாஹ் தஃப்தரின் நிலையும் இதுவே. கோட்டைமேட்டிலும் கரும்புக்கடையிலும் அதை மறுப்பார் இல்லை. ஆனால் மனைவியைத் தன்னுடன் அழைத்துக்கொள்ள விரும்பும் நம் பிள்ளை ரியாதிலோ துபையிலோ விண்ணப்பிக்கும்போது, அங்குள்ள அதிகாரி நம் பள்ளிவாசலின் முத்திரையை அறியமாட்டார்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேய அரசு காஜிகளை நியமித்துவந்த முறையை 1864ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. முஸ்லிம்களுக்கு இடர்ப்பாடு நேரவே, 1880இல் காஜிகள் சட்டம் வந்தது. அது முதலில் நம் கோவையும் அடங்கியிருந்த சென்னை மாகாணத்திற்கே உரியதாயிற்று. எனினும் காஜிக்கு நீதி, நிர்வாக அதிகாரம் எதையும் அச்சட்டம் வழங்கவில்லை. நிகாஹுக்கு அவர் வந்தே ஆக வேண்டும் என்றும் கூறவில்லை. மார்க்கப்படி நிறைவேறும் நிகாஹ் வேறு, அரசேட்டில் ஏறும் பதிவு வேறு என்ற நிலை அன்றே உருவாகிவிட்டது.

2006இல் உச்சநீதிமன்றம் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வழிகாட்டியது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் அதே ஆண்டு நவம்பர் 24 முதல் அதைக் கட்டாயமாக்கியது. திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் உண்டு.

பதிவாளர் சான்று கைக்கு வந்தபின் முத்திரைச் சங்கிலி தொடங்குகிறது. மாநில அரசின் உரிய துறை, அடுத்து மத்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு அந்நாட்டுத் தூதரகம் என்பது பழைய முறை. இச்சுமையைக் குறைக்கவே 1961 அக்டோபர் 5இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. அதன்படி அப்போஸ்டில் என்னும் ஒரே சான்று போதும். தூதரக முத்திரை வேண்டியதில்லை. இந்தியாவில் இது 2005 ஜூலை 14இல் நடைமுறைக்கு வந்தது. வளைகுடாவில் ஓமன் 2012இலும், பஹ்ரைன் 2013இலும், சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும் இதில் இணைந்தன. அமீரகம், குவைத் போன்று இணையாத நாடுகளுக்குப் பழைய முறையே தொடர்கிறது.

ஒன்றை நாம் மறந்துவிடலாகாது. அப்போஸ்டில் கையொப்பமும் முத்திரையும் உண்மை என்று மட்டுமே கூறும். உள்ளே எழுதியது சரிதான் என்று கூறாது. பாஸ்போர்ட்டில் 'முஹம்மது' என்றும் திருமணச் சான்றில் 'முகமது' என்றும் இருந்தால், எத்தனை முத்திரை பதித்தாலும் அந்த வேறுபாடு மறையாது.

ஆகவே நிகாஹ் நாளன்றே மணமக்களின் பெயரையும் தந்தையர் பெயரையும் பாஸ்போர்ட், பள்ளிச் சான்றுகளில் உள்ளவாறு எழுத்துக்கு எழுத்து தஃப்தரில் ஏற்றுவோம். தொண்ணூறு நாள் கெடுவுக்குள் பதிவாளரிடம் செல்வோம். கடனைக்கூட எழுதி வைத்துச் சாட்சிகளையும் ஏற்படுத்திக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் (2:282) பணிக்கிறது. அவ்வாறிருக்க, ஒரு பெண்ணின் வாழ்வுரிமையைத் தாங்கும் ஏட்டில் நாம் அலட்சியம் காட்டலாமா?

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் பயணங்களை இலேசாக்கி, குடும்பங்களை ஒன்றுசேர்த்து வைப்பானாக! ஆமீன்.