வெந்நீர் ஊற்றும் நாற்பத்தாறு தலைமுறையும்

அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் வரலாறு எழுதுவோர் பலர். வழிப்போக்கன் ஓரிரவு தங்கி மறுநாள் விட்டுச் செல்லும் விடுதிக்கு வரலாறு எழுதுவோர் அரியர். ஜப்பான் நாட்டிலோ அவ்வாறு எழுதத் தகுந்த விடுதிகள் சில உள்ளன. ‘ரியோகான்’ என்று அவற்றை அழைப்பர். ஜப்பான் கடலை ஒட்டிய இஷிகாவா மாநிலத்தில், கோமாட்சு நகரைச் சார்ந்த அவாஸு என்னும் ஊரில் இருக்கும் ‘ஹோஷி’ அவற்றுள் ஒன்று. கி.பி. 718-இல் அது தோன்றியது என்பது அவ்வில்லத்தார் போற்றிவரும் மரபு. நமக்கு விளங்கும்படி சொன்னால், இராஜசிம்ம பல்லவன் காஞ்சியிலிருந்து ஆண்ட காலம் அது. பல்லவர் போயினர், சோழர் வந்து அவரும் போயினர். அவாஸுவில் அதே குடும்பம், அதே வெந்நீர் ஊற்றின் கரையில், 46 தலைமுறைகளாக விருந்தினரை வரவேற்று வந்திருக்கிறது.

ஊற்று கிடைத்த கதை சுவையானது. 2,702 மீட்டர் உயரமுள்ள ஹாகுசான் என்னும் பனிமலையின் உச்சியை 717-இல் டைச்சோ என்ற பௌத்தத் துறவி அடைந்தார். மலைத்தெய்வம் அவர் கனவில் தோன்றி, அடிவாரத்து அவாஸுவில் நோய் தீர்க்கும் நீர் மண்ணுக்குள் மறைந்திருப்பதாகக் கூறியதாம். ஊராரைக் கொண்டு தோண்டச் செய்தார்; வெந்நீர் பொங்கியது. அங்கே ஒரு விடுதி கட்டி நீரைக் காக்குமாறு தம் சீடர் கரியோவைப் பணித்தார். டைச்சோ மலையேறியபோது வழிகாட்டிய விறகுவெட்டியின் மகனே இந்தக் கரியோ. ‘ஹோஷி’ என்ற சொல்லுக்கே பௌத்தத் துறவி என்பது பொருள். கனவை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். வரலாற்று மாணவன் கருத்தில் கொள்ள வேண்டியது கதையின் இறுதிப் பகுதியையே. கரியோ ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுத்து, அவனிடம் விடுதியை ஒப்படைத்தார். அப்பிள்ளையின் பெயர் ஜென்கோரோ. உலகின் மிகப் பழைய குடும்பத் தொழில்களுள் ஒன்று, அதன் முதற்படியிலேயே இரத்த உறவால் தொடரவில்லை!

துறவிக்கும் வெந்நீருக்கும் என்ன தொடர்பு என்று வியக்க வேண்டா. நீராட்டுவது புண்ணியம் என்று கூறும் பௌத்த சூத்திரம் ஒன்று சீன மொழி வழியாக ஜப்பானை அடைந்திருந்தது. கோயில்கள் குளியல் கூடங்கள் அமைத்து ஏழைகளுக்கும் திறந்துவிட்டன. கோம்யோ என்ற பேரரசி தம் கையாலேயே ஆயிரம் பேரைக் குளிப்பாட்டினார் என்றும், இறுதியாக வந்த தொழுநோயாளி புத்தராகவே காட்சி தந்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. ஹோஷி விடுதி தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்து, 736-இல், தென்னிந்தியர் என்று ஜப்பானியப் பழம்பதிவுகள் குறிக்கும் போதிசேனர் அந்நாட்டில் கரையிறங்கினார். 752-இல் நாரா நகரத்துப் பெரும் புத்தர் சிலைக்குக் கண் திறந்தவர் அவரே. விடுதி பிறந்த காலத்தின் காற்று அத்தகையது.

பிற்காலத்தில் வெந்நீர் ஊற்றுக்குச் செல்வது மருத்துவமாகவே கருதப்பெற்றது. ‘டோஜி’ என்பது அதன் பெயர். ஏழு நாள் தங்குவது ஒரு சுற்று. மூன்று சுற்று முடித்தால் நன்று என்பர். உழவர்கள் அறுவடை முடிந்ததும் அரிசியைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து, தாமே சமைத்து உண்டு, நாள்தோறும் நீரில் ஊறி உடல்வலி தீர்த்துச் சென்றனர்.

இன்று தங்குவோர் பெரும்பாலும் ஓரிரவே தங்குகின்றனர். வாயிலில் மிதியடி களைந்து உள்ளே செல்வோரைத் தோட்டம் நோக்கிய கூடத்தில் அமர்த்தி, பசுந்தேயிலைப் பொடியை நுரை எழக் கலக்கிய தேநீர் தருகின்றனர். அறையில் ‘தத்தாமி’ என்னும் கோரைப்பாய்த் தரை. உடுத்த ‘யுகாடா’ என்னும் பருத்தி அங்கி. அதன் இடப்புற மடிப்பே மேலே வரவேண்டும், மாற்றி உடுத்துவது பிணத்துக்குரிய முறை. நீராடும் தொட்டி ஊறுவதற்கே. அழுக்குப் போக்குவதற்கு அன்று. எனவே வெளியே சிறு முக்காலியில் அமர்ந்து, உடம்பைத் தேய்த்துக் கழுவிய பின்னரே அதில் இறங்கலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டெனினும், ஆடையின்றி நீராடும் வழக்கம் நம்மவரைச் சற்றே தயங்க வைக்கும். இரவு உணவுக்குப் பின் தரையில் மெத்தை விரிக்கப்பெறுகிறது. காலையில் மடித்து அலமாரிக்குள் போய்விடுகிறது. கட்டில் வருமுன் நம் வீடுகளிலும் இதே வழக்கந்தானே இருந்தது!

ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழைய கட்டடத்தைக் காணலாம் என்று வருவோர் ஏமாற்றம் அடைவது உண்டு. விடுதியின் பெரும்பகுதி அண்மைக் காலத்துக் கட்டடமே. தோட்டம் சில நூற்றாண்டுகள் பழையது. 17-ஆம் நூற்றாண்டின் கலைஞர் கொபோரி என்ஷுவின் யோசனைப்படி அமைந்தது என்பர். அப்படியானால் தொடர்ந்து வந்தது எது? நீரும் பெயருமே என்று நான் கருதுகிறேன். தலைமை ஏற்பவர் தம் பெயரை விட்டு ‘ஜென்கோரோ’ என்ற பெயரையே சூடுகிறார். ஆண் பிள்ளை இல்லாத குடும்பங்கள் மகளுக்கு மணமகனைத் தேடி, அவனையே மகனாகத் தத்தெடுத்து, குடும்பப் பெயரையும் தொழிலையும் தருவது ஜப்பானில் நெடுங்கால வழக்கம். ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று நம்மூரில் ஏளனம் செய்யும் நிலை, அங்கே வணிகக் குடும்பங்களை நூற்றாண்டுகளாகத் தாங்கிய தூணாக விளங்கியது. பூர்வீக வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் வாழும் நம்மில் பலருக்கு, வீட்டைக் காப்பவன் யார் என்ற கேள்வி அந்நியமானது அன்று.

அத்தூணும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. யமனாஷி மாநிலத்து மலைப்பள்ளத்தாக்கில் உள்ள ‘கெயுன்கான்’ என்னும் விடுதி ஹோஷியினும் மூத்தது. 705-இல் தோன்றியதாகக் கூறப்பெறுவது. 2011-இல் உலகின் மிகப் பழைய விடுதி என்று கின்னஸ் அதனை ஏற்றது. 52 தலைமுறை ஒரே மரபில் வந்தது என்பர். குடும்பத்தில் ஏற்பார் இல்லாமையால் 2017-இல் அங்கே நெடுங்காலம் பணியாற்றிய ஊழியர் ஒருவர் தலைமை ஏற்றார். 578-இல் தொடங்கிக் கோயில்கள் கட்டிவந்த கொங்கோ குமி என்னும் நிறுவனமும் கடன் சுமையால் 2006-இல் வேறொரு நிறுவனத்தின் கீழ்ச் சென்றது.

ஹோஷி இல்லத்தையும் துயரம் தீண்டியது. 46-ஆம் ஜென்கோரோவின் மகன், தந்தை இருக்கும்போதே காலமானார். விடுதிப் பொறுப்பை நோக்கி மகள் அழைக்கப்பெற்றார். உண்மையில் இத்தகைய விடுதிகளை அன்றாடம் நடத்துவோர் பெண்களே. ‘ஒகாமி’ என்னும் இல்லத்தலைவிதான் விருந்தினரை வரவேற்று, பணியாளரை ஏவி, ஒவ்வொரு அறையின் நலனையும் அறிந்திருப்பவர். பணி அவருடையது, பட்டம் ஆண்மகனுடையது. பதின்மூன்று நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த ஜென்கோரோ என்பதோ ஆண்பெயர்.