சுக்கான் சக்கரமும் தகப்பன் பிறந்த ஊரும்

2019 மே 17. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாங்கள் எல்லாரும் நோன்போடும் பயத்தோடும் இருந்த நாட்கள். ஹஸலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பொலிஸார் கைது செய்தார்கள். அவர் உடுத்திருந்த சட்டையில் கப்பல் சுக்கானின் சக்கரம் அச்சிட்டிருந்தது. அதைத் தர்மச்சக்கரம் என்றார்கள். மஹியங்கனை நீதவான் முன் நிறுத்தப்பட்டு விளக்கமறியலுக்குப் போனார். ஜூன் 3இல், பெருநாளுக்குச் சற்று முந்தித்தான் பிணை கிடைத்தது. அவர் மீது பாய்ந்தது சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம். பெயரைப் பாருங்கள், மனித உரிமையைக் காக்க 2007இல் கொண்டுவந்த சட்டம் அது!

அவர் சும்மா இருக்கவில்லை. அடிப்படை உரிமை மனு போட்டார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. பொறுப்பதிகாரி தன் சொந்தப் பணத்திலிருந்து 30,000 ரூபா கொடுக்க வேண்டும் என்றது. தொகையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இதை "முஸ்லிம்களுக்கு நடந்த அநியாயம்" என்று மட்டும் நாங்கள் கதைத்து முடித்துவிட்டோம். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. ஒரு நாட்டின் பாதுகாப்பு ஏன் ஒரு பெண்ணின் உடுப்பில் வந்து நின்றது? பெண்ணியவாதிகள் கேட்கும் கேள்வி இது. அமெரிக்கரான சிந்தியா என்லோ 1989இல் வெளிவந்த தன் நூலில் வாழைத் தோட்டம், இராணுவத் தளம், தூதரகம் என்று ஒவ்வோர் இடமாகப் போய் "இங்கே பெண்கள் எங்கே?" என்று தேடினார். வாழைத் தோட்டத்துக்குப் பதிலாகத் தேயிலைத் தோட்டத்தை வைத்து, பதுளையில் இருந்துகொண்டு நாங்களும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது ஆணோடு பெண்ணுக்கும் வாக்குக் கிடைத்தது. இங்கே நிரந்தரமாக வசித்ததை நிரூபிக்க முடிந்த தோட்டப் பெண்களும் வாக்களித்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது, அதில் ஒன்று பதுளை. கொழும்பில் பயம் பிடித்தது. இந்தியா எங்களை விழுங்கிவிடும், தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தின் பிள்ளைதான் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம்.

அந்தச் சட்டத்தை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். நீங்கள் இலங்கையில் பிறந்திருந்தால் போதாது. உங்கள் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே? ஓரிடத்தில் வருகிறாள். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு மட்டும் தகப்பன் என்ற இடத்தில் தாய் என்று வாசிக்கலாமாம். பதுளை மலையில் பிறந்து, இதே மலையில் கொழுந்து பறித்து, இதே லயத்தில் பிள்ளை பெற்றவள், தன் பிள்ளைக்கு நாடு கொடுக்க முடியாதவள். அடுத்த வருடம் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும் அப்படித்தான். விண்ணப்பம் கணவனுடையது, மனைவியும் பிள்ளைகளும் அதில் இணைப்பு. அதே 1949இல் வாக்கும் போனது.

இது எங்கள் நாட்டுக்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. வெளிநாட்டவனை மணந்தால் ஆங்கிலேயப் பெண்ணும் தன் நாட்டை இழந்தாள். நாடு எனக்கு என்ன செய்தது, நான் ஏன் அதன் யுத்தத்துக்கு ஆதரவு தர வேண்டும் என்று அந்த அநியாயத்தையும் சேர்த்து 1938இல் எழுதியவர் வெர்ஜீனியா வுல்ஃப். அவருடைய கணவர் லெனார்ட் வுல்ஃப் ஒரு காலம் எங்கள் ஊவாவுக்குக் கீழே அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். அவர் எழுதிப் பத்து வருடத்தில் சுதந்திர இலங்கை அந்த வெள்ளைக்காரச் சிந்தனையை அப்படியே சுவீகரித்துக்கொண்டது.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கு. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பிறகு பார்ப்போம். 1974இல் அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கையெழுத்திட்டவர் உலகின் முதல் பெண் பிரதமர். கதிரையில் ஒரு பெண் அமர்ந்தால் அரசின் குணம் மாறிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இதைத்தான் நான் எப்போதும் சொல்வேன். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்குத் தோட்டங்களில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். தாய் ஒரு பட்டியலில், கட்டிக்கொடுத்த மகள் இன்னொரு பட்டியலில். மேடையில் கட்டிப்பிடித்து அழுதவர்கள் எந்த நாட்டுக்கும் ஆபத்தாக இருந்தவர்கள் அல்ல.

தாய் வழியாகவும் பிள்ளைக்குப் பிரசாவுரிமை வரலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது 2003இல். மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை கொடுத்த சட்டமும் அதே வருடம்தான் வந்தது. 55 வருடம் பிடித்தது.

இனி எங்கள் வீட்டுப் பக்கம் வருவோம். கோபிக்க வேண்டாம்.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் மணப்பெண்ணின் கையெழுத்து கட்டாயமில்லை, வலியின் கையெழுத்துப் போதும். திருமணத்துக்குக் குறைந்த வயது என்று ஒன்றை அந்தச் சட்டம் வைக்கவில்லை. 12 வயதுக்குக் குறைந்தவள் என்றால் காதியின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். பாருங்கள், தோட்டத்துப் பெண்ணிடம் தகப்பன் வழியாகப் பேசிய அதே அரசு எங்கள் பெண்ணிடம் வலி வழியாகப் பேசுகிறது. இடையில் ஆண் இல்லாமல் அரசு ஒரு பெண்ணிடம் நேரே வருவது எப்போது? சந்தேகம் வந்தால். 2019 ஏப்ரல் 29இல் அவசரகால விதியின் கீழ் முகத்திரையைத் தடை செய்தபோது நேரே வந்தது. ஹஸலக்கவில் சட்டையைப் பார்த்தபோதும் நேரே வந்தது.

அந்த மாதங்களில் பெண்கள் எதை உடுக்கலாம் என்று அறிவித்ததெல்லாம் யார் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஜனாதிபதி, அமைச்சர்மார், எங்கள் உலமாக்கள். உடுக்கிறவளிடம் கேட்டவர் யாருமில்லை.

முஸ்லிம் விவாகச் சட்டத்தைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அறிக்கை வந்தது 2018இல், அதுவும் இரண்டாகப் பிளந்து. எங்கள் பெண்கள் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, தன் திருமணப் பதிவில் தானே ஒப்பமிடும் உரிமை.