ஓலைக்கு ஏறிய குரல்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது அலுவிகாரை. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் பெரும் பாறைகளும் அவற்றின் இடுக்குகளில் குகைகளுமாக அமைந்த இடம் அது. புத்தரின் போதனை தலைமுறை தலைமுறையாக வாயால் ஓதப்பட்டும் காதால் கேட்கப்பட்டும் வந்தது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் அது இங்குதான் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது என்பது இலங்கைப் பௌத்தர்களின் நம்பிக்கை. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் தமிழ் லுத்தரன் சபைகள் கோயிலைப் பூட்டிவிட்டு ஆராதனையைக் கைபேசித் திரைக்குக் கொண்டுபோனபோது, இது ஆராதனைதானா என்ற கேள்வி எழுந்தது. விடை தேடியவர்கள் மார்ட்டின் லுத்தரின் எழுத்துகளைப் புரட்டினார்கள். அது சரியே. ஆனால் அதே கேள்வியை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்ட ஓர் இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பேரிடரில் வாக்கு ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதால் சபை சிதைவதில்லை. அந்த மாற்றத்தைச் சபையே சேர்ந்து செய்ய வேண்டும். மாறிய வாக்கு மறுபடி மனிதக் குரலுக்குத் திரும்ப வேண்டும். இந்த இரண்டும் நிறைவேறினால் ஆராதனை ஆராதனையாகவே நிற்கும். அலுவிகாரை நமக்குச் சொல்வது இதைத்தான்.

அன்று நடந்ததைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். வட்டகாமணி அபயன் அரியணையேறிய சில மாதங்களிலேயே தமிழகத்திலிருந்து வந்த தலைவர்களிடம் அநுராதபுரத்தை இழந்தான். புலகத்தன், பாகியன், பணயமாறன், பிலயமாறன், தாடிகன் என்று ஐவர் அடுத்தடுத்து ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஆண்டதாகப் பாளி வரலாற்று நூலான மகாவம்சம் கூறுகிறது. அதே காலத்தில் கொடும் பஞ்சம் ஒன்றும் நாட்டை வாட்டியது. விகாரைகள் காலியாயின. பிக்குகள் பலர் கடல் கடந்து இந்தியாவுக்குப் போனார்கள். போகாதவர்கள் மலைநாட்டில் மகாவலிக் கரையில் கிழங்கையும் இலையையும் தின்று உயிர்வாழ்ந்தார்கள். உட்காரத் தெம்பிருந்தவரை உட்கார்ந்து ஓதினார்கள். தெம்பு போனபின் மணலைக் குவித்து அதில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓதினார்கள் என்று பாளி உரைநூல்கள் பதிவு செய்திருக்கின்றன. மகாநித்தேசம் என்ற நூலை அப்போது ஒரே ஒரு பிக்குதான் மனப்பாடமாக அறிந்திருந்தார். அவரோ ஒழுக்கம் தவறியவர். ஆனாலும் அவரோடு நூலும் மறைந்துவிடக் கூடாது என்று மற்றவர்கள் அவரிடம் போய்ப் பாடம் கேட்டார்கள். ஒரு மனிதரின் மூச்சு நின்றால் ஒரு நூலே இல்லாமற்போகும் என்ற நிலைதான் எழுத்தாணியைக் கையில் எடுக்க வைத்தது.

இங்கே இரண்டு தடைகளை எழுப்பலாம். மகாவம்சம் எழுத்துக்குச் சொல்லும் காரணம் மிகச் சுருக்கமானது: மக்களின் தாழ்வைக் கண்ட பிக்குகள் தர்மம் நிலைப்பதற்காக எழுதினார்கள், அவ்வளவே. அலுவிகாரை என்ற பெயரும் அங்கே இல்லை. மாத்தளைப் பகுதியின் குகை என்று இடத்தைக் குறிப்பிடுவது பதினான்காம் நூற்றாண்டின் நிகாய சங்கிரகம் என்ற நூல்தான். இன்னொரு தடை ஆய்வாளர்களிடமிருந்து வருகிறது. வட்டகாமணி அரியணையை மீட்டபின் அபயகிரி விகாரையைக் கட்டிக் கொடுத்தான்; பழைய மகாவிகாரை அதைப் போட்டியாகக் கண்டது; தன் பாடமே சரியான பாடம் என்று நிலைநிறுத்தவே மகாவிகாரையினர் எழுதி வைத்தார்கள் என்பது அந்த வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் போட்டிக்காக எழுதியவர்களும் தனித்தனியே எழுதிவிடவில்லை. ஐந்நூறு பிக்குகள் கூடி, ஓதி, ஒப்பிட்டு எழுதினார்கள் என்றே மரபு நினைவில் வைத்திருக்கிறது. எண்ணிக்கை எதுவாயினும், அவர்கள் எழுத்தைத் தனிமனித வேலையாகக் கருதவில்லை என்பது அந்த நினைவில் தெளிவாகத் தெரிகிறது. பஞ்சம் முடிந்து இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள், இங்கே தங்கியவர்களோடு உட்கார்ந்து தங்கள் பாடத்தைச் சரிபார்த்தார்கள் என்றும் உரைநூல்கள் சொல்கின்றன. பிரிந்திருந்த சபை தன்னைச் சபையென்று மறுபடி உணர்ந்தது அந்த ஒப்பீட்டில்தான். அதன்பின் பிக்குகளிடையே ஒரு விவாதமும் நடந்தது. சாசனத்துக்கு வேர் எது, கற்றலா, ஒழுகலா என்பது கேள்வி. வாக்கு மறைந்தால் ஒழுகுவதற்கு எதுவுமே மிஞ்சாது என்று கூறி, கற்றலே வேர் என முடிவு செய்தார்கள். பஞ்சத்தைக் கண்டவர்களின் முடிவு அது.

தமிழ் லுத்தரன் மரபின் தொடக்கமும் ஓலையும் அச்சும் சந்தித்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. 1706 ஜூலையில் பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றிக் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்கு ஓலைச் சுவடிகளைப் படித்துத் தமிழில் தேர்ந்தார். தான் சேர்த்த சுவடிகளை 1708இல் பட்டியலிட்டார். அச்சு இயந்திரம் வந்து சேர்ந்தபின் 1714இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் வெளிவந்தன. தஞ்சை அரசில் ஐரோப்பிய மிஷனரிகள் விருப்பம்போல் நடமாட முடியாத காலம் அது. மிஷனரி போக முடியாத இடத்துக்குப் புத்தகம் போனது. அரசரின் படையிலிருந்த கத்தோலிக்கரான இராசநாயக்கன் அந்த அச்சுப் புத்தகத்தைப் படித்தே 1720களில் லுத்தரன் சபைக்கு வந்தார். பின்பு தஞ்சைப் பகுதியின் உபதேசியாராகப் பணி செய்தார். பிரசங்க பீடத்தின் அருகே நின்று கேட்டால்தான் வாக்கு வேலை செய்யும் என்று தரங்கம்பாடி எண்ணியிருந்தால் தஞ்சைச் சபை அவ்வாறு தொடங்கியிருக்காது. அதே வேளையில் இராசநாயக்கன் புத்தகத்தோடு தனியே நின்றுவிடவும் இல்லை. தரங்கம்பாடியைத் தேடி வந்தார், சபையில் சேர்ந்தார், மற்றவர்களுக்குப் படித்துக் காட்டினார். அச்செழுத்து அவரிடம் மறுபடி குரலானது.

பேரிடர் இந்தச் சபைக்குப் புதிதும் அல்ல. முதல் உலகப் போரில், இங்கே பணி செய்துவந்த லைப்சிக் மிஷனின் ஜெர்மானிய மிஷனரிகள் நாட்டைவிட்டு அகற்றப்பட்டார்கள். சுவீடன் திருச்சபை பொறுப்பேற்றது. 1918இன் பிற்பகுதியில் இன்புளூயன்சா கொள்ளைநோய் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்தச் சாவுகளின் வடு ஆறுவதற்குள், 1919 ஜனவரி 14 அன்று, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன் பெயரோடு உருவாயிற்று. அதற்கு நேரடிக் காரணம் போர்தான், நோய் அல்ல. ஆனாலும் தன்னைச் சபையென்று நினைத்துக்கொள்ள அமைதியான காலம் வரட்டும் என்று அந்த மக்கள் காத்திருக்கவில்லை.

அலுவிகாரையைத் தொட்டுச் செல்லும் அந்த வீதிக்கே இன்னொரு கதை உண்டு. காப்பித் தோட்டக் காலத்தில் தென்தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய கூலித் தொழிலாளர் தம்புள்ளை வழியே காடு கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். அவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் சிதறிப்போன அந்த மக்களுக்காக 1854இல் தமிழ்க் கூலி மிஷன் என்ற ஆங்கிலிக்கப் பணி தொடங்கியது. உபதேசியார்கள் மலை ஏறி இறங்கித் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குப் போனார்கள். பின்னாளில் தேயிலைத் தோட்டத் தமிழரிடையே வேர்விட்ட சிறிய லுத்தரன் சபையும் அப்படித்தான் வளர்ந்தது. எல்லோரும் ஒரே கூரையின் கீழ் ஞாயிறுதோறும் கூடுவது மலையகத்தில் பெரும்பாலும் வசதிக்கு உட்பட்ட காரியமாகவே இருந்து வந்தது. அதனால் வாக்கு மக்களைத் தேடிப் போகும் முறை அங்கே 2020இல் பிறந்தது அல்ல.

2020 மார்ச் 20 மாலை ஆறு மணிக்கு இலங்கை முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. மார்ச் 25 முதல் இந்தியாவும் முடங்கியது. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10 பெரிய வெள்ளி, 12 உயிர்த்தெழுந்த திருநாள் எல்லாம் பூட்டிய கோயில்களுக்கு வெளியே கழிந்தன. பௌத்தர்களின் மே மாதத்து வெசாக் திருநாளும் வீடுகளுக்குள்ளேயே நடந்தது. இலங்கைக் கிறிஸ்தவர்களுக்கு இதில் ஒரு முன்னனுபவம் இருந்தது: 2019 ஏப்ரல் 21 உயிர்த்தெழுந்த திருநாளன்று நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பின், அடுத்த ஞாயிறு கொழும்புப் பேராயரின் திருப்பலி தொலைக்காட்சியில்தான் வந்தது. தமிழகத்தில் எல்லா வழிபாட்டிடங்களும் திறக்கச் செப்டம்பர் 1 ஆயிற்று. இடைப்பட்ட மாதங்களில் யூடியூப், ஜூம், வாட்ஸ்அப் ஆகியவை ஆராதனையின் இடமாயின. ஐயர் வெறும் பெஞ்சுகளைப் பார்த்துப் பிரசங்கித்தார். கீர்த்தனை ஒவ்வொரு வீட்டிலும் சற்று முன்பின்னாக ஒலித்தது. இதில் லுத்தரன் மரபுக்கு முரணானது எதுவும் இல்லை. 1527இல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் பரவியபோது லுத்தர் ஊரைவிட்டு ஓடவில்லை. ஆனால் அவ்வாண்டு எழுதிய மடலில், தேவையில்லாத இடத்துக்குப் போகாதிருப்பதும், மருந்து எடுப்பதும், பிறருக்கு நோயைக் கொண்டுபோகாதிருப்பதும் அயலானிடம் காட்டும் அன்பே என்று விளக்கினார். 1530இன் அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையும் சபையை நற்செய்தியையும் திருவருட்சாதனங்களையும் கொண்டே வரையறுக்கிறது. மனிதர் ஏற்படுத்திய சடங்குகள் எங்கும் ஒன்றுபோல் இருக்கத் தேவையில்லை என்கிறது.

ஆனால் அதே அறிக்கையிலிருந்தே வலுவான எதிர்வாதமும் பிறக்கிறது. திருவருட்சாதனம் இல்லாமல் லுத்தரன் சபை இல்லை. அப்பத்தையும் ரசத்தையும் திரை கொண்டுவர முடியாது. வீட்டில் எடுத்து வைத்த அப்பத்தை ஐயர் எங்கோ இருந்து சொல்லும் வார்த்தை திருவிருந்தாக்குமா? அமெரிக்காவின் மிசூரி சினட் 2020இலேயே இணையவழித் திருவிருந்து கூடாது என்று அறிவுறுத்தியது. வேறு சில லுத்தரன் திருச்சபைகளும் அதைவிடக் காத்திருப்பதே நல்லது என்றன. இந்தத் தயக்கத்தை நான் பழமைவாதமாகக் கருதவில்லை. அலுவிகாரைப் பிக்குகளும் ஓதக்கூடியதை மட்டுமே ஓலைக்கு மாற்றினார்கள். ஒருவருக்குத் துறவு அளிக்கும் சடங்கு அதன்பின்னும் பிக்குகள் நேரில் கூடியே நடந்தது. ஓலை அதற்கு மாற்றாக வரவில்லை. எதை மாற்றலாம், எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று பிரித்தறிந்ததால்தான் அந்த மாற்றம் நிலைத்தது. பூட்டிய மாதங்களில் திருவிருந்துக்காகப் பசித்திருந்த சபை, நேரில் கூடுவதன் அருமையை அந்தப் பசியாலேயே அறிக்கையிட்டது. வாக்கு திரை வழியாக வந்தது, அப்பம் காத்திருந்தது. முரண்பாடுபோலத் தோன்றினாலும் இது லுத்தரன் நம்பிக்கையோடு நன்றாகவே பொருந்துகிறது.

திரை சபையோரைப் பார்வையாளர்களாக்கிவிடும் என்பது அடுத்த தடை. இது உண்மையான ஆபத்து. பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுக்களைக்குப் போகிறவரைச் சபையோர் என்று சொல்வது கடினம். ஆனால் ஓலைக்கும் இந்த ஆபத்து இருந்தது: பெட்டியில் பூட்டிய சுவடியும் யாரும் ஓதாத போதனைதான். கைபேசியும் சிக்னலும் இல்லாத லயங்களின் கதி என்ன என்று கேட்பது இன்னும் கனமான தடை. ஊரடங்கின்போதும் இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் இயங்க அனுமதி இருந்தது. கொழுந்து பறிக்கக் கூடலாம், ஜெபிக்கக் கூட முடியாது என்ற நிலை பலருக்கு வந்தது. அவர்களிடம் இணைய ஆராதனை போதும் என்று சொல்வது அநியாயம். ஓலையும் எல்லோர் கையிலும் இருக்கவில்லை. படிக்கத் தெரிந்த ஒருவர் படித்தார், மற்றவர்கள் கேட்டார்கள். ஒரு கைபேசியைச் சுற்றி ஒரு குடும்பம் உட்கார்ந்து பாடினால் அங்கும் அதுவே நடக்கிறது. அந்த ஒரு கைபேசியும் இல்லாத வீட்டுக்கு யார் போனார்கள் என்பதே ஒரு சபையை அளக்கும் உண்மையான அளவுகோல். போனவர் இருந்தால் திரை சபைக்கு உதவியது. போனவர் இல்லையென்றால் திரைமேல் பழி போடுவதில் பயனில்லை.

அலுவிகாரைக்கும் அழிவு வந்தது. 1848 மாத்தளைக் கலவரத்தை அடக்கிய பிரிட்டிஷ் படையின் கையில் இங்கிருந்த சுவடிகள் அழிந்தன. ஆனால் அங்கு எழுதப்பட்ட புத்த போதனையான திரிபிடகம் அழியவில்லை. அதற்குள் அது வேறு விகாரைகளின் ஓலைகளிலும், கடல் கடந்த நாடுகளிலும், பிக்குகளின் நாவிலும் இருந்தது. எழுதியபின் ஓதுவதை அவர்கள் நிறுத்தியிருந்தால் அந்த இழப்பு இன்னும் பெரிதாக இருந்திருக்கும். 2020இன் பதிவுகளை மட்டும் நம்பி நேரில் கூடுவதைக் கைவிடும் சபைக்கும், கோயில் திறந்ததும் திரையை வெட்கத்தோடு மறந்துவிடும் சபைக்கும் இதில் ஒரே பாடம் இருக்கிறது: எந்த ஓர் ஊடகத்தையும் தனியே நம்பக் கூடாது. அலுவிகாரையில் இன்றும் பார்வையாளர்களுக்கு ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். எழுத்தாணி கீறியவுடன் ஓலையில் எழுத்து சரியாகத் தெரிவதில்லை. கரியும் எண்ணெயும் கலந்த மையை யாரேனும் கையால் தேய்த்தபின்தான் அது கண்ணுக்குத் தெளிகிறது. ஆராதனையை அனுப்பியவர்கள் கீறியது பாதி வேலை. அதைக் கேட்டு, பாடி, பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோனவர்கள் மீதியைச் செய்தார்கள்.