ஈஸ்டர் சாக்லேட் முட்டை: வீட்டிலேயே செய்வது எப்படி? வெள்ளை பூக்காமல் இருக்க என்ன செய்யணும்?

ஈஸ்டர் நெருங்கினாலே பேக்கரி கண்ணாடிக்குள் பளபளவென்று சாக்லேட் முட்டைகள் அடுக்கிவிடுவார்கள். 'இதை நாமே செஞ்சா என்ன?' என்று வீட்டில் பலரும் களத்தில் இறங்குவது உண்டு. சாக்லேட்டை உருக்கி, அச்சில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் முட்டை அச்சை விட்டு வராது. வந்தாலும் கையில் பிசுபிசுவென ஒட்டும். மறுநாள் பார்த்தால் மேலே சாம்பல் பூசியது போல வெள்ளைத் திட்டுகள்!

பெரும்பாலும் பிரச்னை சாக்லேட்டில் இல்லை. அதை உருக்கி ஆறவைக்கும் முறையில்தான் இருக்கிறது. அது என்ன முறை? விரிவாகப் பார்க்கலாம்.

ஈஸ்டருக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்?

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் தவக்காலம் முழுக்க இறைச்சியுடன் முட்டையையும் தவிர்ப்பது வழக்கம். ஆனால், கோழி முட்டையிடுவதை நிறுத்துமா? சேர்ந்துபோன முட்டைகளை வேகவைத்து, சாயம் பூசி, ஈஸ்டர் அன்று பகிர்ந்துகொண்டார்கள். ஓட்டை உடைத்து வரும் குஞ்சு போல, கல்லறையிலிருந்து உயிர்த்தெழுந்ததன் அடையாளமாகவும் முட்டை பார்க்கப்படுகிறது.

19-ம் நூற்றாண்டில் பிரான்ஸ், ஜெர்மனியில் சாக்லேட் முட்டைகள் வரத் தொடங்கின. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த ஃப்ரை நிறுவனம் 1873-ல் உள்ளே வெற்றிடம் உள்ள சாக்லேட் முட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1875-ல் கேட்பரியும் களமிறங்கியது.

வெள்ளை பூப்பது ஏன்?

சாக்லேட்டில் உள்ள கொழுப்பின் பெயர் கோகோ பட்டர். இது உறையும்போது 6 விதமான படிக வடிவங்களை எடுக்கும். இதில் 5-வது வடிவம்தான் நமக்குத் தேவை. அதுதான் பளபளப்பு தரும், 'டக்'கென்று உடையும், சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும். அதனால்தான் நல்ல சாக்லேட் வாயில் போட்டதும் கரைகிறது.

உருக்கிய சாக்லேட்டை அப்படியே ஆறவிட்டால் மற்ற வடிவங்களும் கலந்து உறையும். பின்னர் கொழுப்பு மெல்ல மேலே வந்து வெள்ளையாகப் படியும். இது பூஞ்சை இல்லை, சாப்பிடலாம். சரியான படிகம் மட்டும் உருவாகும்படி சூடாக்கி ஆறவைப்பதற்குத்தான் 'டெம்பரிங்' என்று பெயர்.

எந்த சாக்லேட் வாங்குவது?

வாங்கும்முன் பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். கொழுப்பாக கோகோ பட்டர் என்று இருந்தால் அது அசல் சாக்லேட், டெம்பரிங் கட்டாயம். அதற்குப் பதில் தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அது 'காம்பவுண்ட்' சாக்லேட். இதை உருக்கி ஊற்றினாலே போதும். முதல்முறை செய்பவர்களுக்கு இது ஈஸி. ஆனால், ருசியில் அசல் சாக்லேட்டே ஒரு படி மேல். இரண்டையும் கலந்து மட்டும் உருக்கிவிடாதீர்கள், வெள்ளை பூக்க அதுவே காரணமாகிவிடும்.

தேவையானவை

டார்க் சாக்லேட் - 300 கிராம்
உள்ளங்கை அளவு முட்டை அச்சு - 2 பாதிகள்
சமையல் தெர்மாமீட்டர் - 1
உள்ளே நிரப்ப முந்திரி, உலர் திராட்சை அல்லது மிட்டாய்

செய்முறை

1. அச்சை ஈரம் துளியும் இல்லாமல் பஞ்சால் துடைக்கவும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் உருகிய சாக்லேட் திரிந்து கட்டியாகிவிடும்.

2. சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, 200 கிராமை மட்டும் ஒரு பாத்திரத்தில் போடவும். வெந்நீர் உள்ள பாத்திரத்தின் மேல், தண்ணீர் தொடாதபடி வைத்து உருக்கவும். 45 டிகிரி வந்ததும் இறக்கி, பாத்திரத்தின் அடியைத் துடைக்கவும்.

3. மீதி 100 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறவும். இதில் உள்ள நல்ல படிகங்கள், உருகிய சாக்லேட்டுக்கு உறை மோர் மாதிரி வேலை செய்யும். டார்க் சாக்லேட் என்றால் 31-32 டிகிரி, மில்க் சாக்லேட் என்றால் 29-30 டிகிரி வரும்வரை கிளறவும்.

4. கத்தி முனையில் தொட்டு வைத்துப் பார்க்கவும். ஏசி அறையில் 5 நிமிடத்தில் பளபளப்பாக இறுகினால் ரெடி. தெர்மாமீட்டர் இல்லையா? துளி எடுத்து உதட்டில் வைத்தால் லேசாகச் சில்லென்று இருக்க வேண்டும்.

5. அச்சில் ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றிவிட்டு, கவிழ்த்து மிச்சத்தை வடிக்கவும். லேசாக இறுகியதும் இன்னொரு பூச்சு கொடுக்கவும். ஓரங்களைக் கத்தியால் வழித்துச் சமப்படுத்தவும்.

6. ஃப்ரிட்ஜில் 15-20 நிமிடம் வைக்கவும். சரியாக டெம்பர் ஆன சாக்லேட் இறுகும்போது சற்றுச் சுருங்கும். அதனால் லேசாகத் தட்டினாலே அச்சை விட்டு வந்துவிடும்.

7. ஒரு பாதியில் முந்திரி, மிட்டாய் நிரப்பவும். இரண்டு பாதிகளின் ஓரத்தையும் சூடான தட்டில் ஒரு நொடி வைத்து எடுத்து, உடனே ஒட்டவும். அவ்வளவுதான், முட்டை தயார்!

நம்ம ஊர் வெயிலுக்கு என்ன செய்வது?

ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில்தான் வரும். தமிழ்நாட்டில் அப்போது வெயில் கொளுத்தும். பகலில் அறையே 31 டிகிரியைத் தாண்டிவிட்டால் சாக்லேட் எப்படி இறுகும்? எனவே ஏசி அறையில் 20-22 டிகிரி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

செய்த முட்டைகளை ஃப்ரிட்ஜில் வைப்பதாக இருந்தால், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைக்கவும். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல், குளிர்ச்சி போகும்வரை விடவும். உடனே திறந்தால் ஈரம் படிந்து, சர்க்கரை கரைந்து மேலே வெள்ளையாகும்.

இதையும் கவனிங்க!

சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாய்களுக்கு நஞ்சு. டார்க் சாக்லேட்டில் இது அதிகம் என்பதால் செல்லப்பிராணிக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்க வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கான முட்டை என்றால் முழு முந்திரி, கடின மிட்டாய், குட்டி பொம்மை எதையும் உள்ளே வைக்காதீர்கள். தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு.

முதல் முயற்சியில் வெள்ளை பூத்துவிட்டதா? தூக்கிப் போட வேண்டாம். தண்ணீர் படாத சாக்லேட்டை மறுபடி உருக்கி, 2-வது படியிலிருந்து தொடங்கலாம். தண்ணீர் பட்டுக் கட்டியாகிவிட்டால், சூடான பாலில் கலந்து வீட்டில் எல்லோருக்கும் ஹாட் சாக்லேட்டாகக் கொடுத்துவிடலாம்.