சார்பு

'சார்' என்ற வினையடிக்கு அண்டுதல், சாய்ந்திருத்தல் என்று பொருள். மலைச்சரிவைக் குறிக்கும் சாரலும் இதன் வழியே வந்த சொல்தான்.

இலக்கணத்தில் சார்பெழுத்து என்பது தானாக நிற்க முடியாத எழுத்து. 'நடு', 'காடு' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். 'காடு' என்பதில் உகரம் குறுகிவிடுகிறது. முன்னே நிற்கும் நெடிலைச் சார்ந்து அது குறுகுகிறது. இங்கே சார்ந்து வருவதுதான் சார்பு. திருக்குறளின் மெய்யுணர்தல் அதிகாரத்திலோ நாம் பற்றிநிற்கும் பொருளே சார்பு ஆகிறது.

மென்பொருள்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது பொருளை. நம் நிரல் எந்த லைப்ரரியைப் பற்றி நிற்கிறதோ, அந்த லைப்ரரிதான் சார்பு. சார்புக்கும் சார்பு உண்டு. ஜாவாவில் சோதனை எழுத உதவும் ஜேயூனிட்டின் 4-ஆம் வரிசை, 4.11 பதிப்பிலிருந்து ஹாம்கிரெஸ்ட் என்ற இன்னொரு லைப்ரரியைத் தனியே வேண்டி நிற்கிறது. ஜேயூனிட் கோப்பை மட்டும் கையால் இறக்கிப் போட்டால் சோதனை ஓடாது, வகுப்பு கிடைக்கவில்லை என்ற பிழைதான் வரும். மேவன் போன்ற கருவி இரண்டையும் சேர்த்தே கொண்டுவரும். ஜேயூனிட்டுக்கு 'டெஸ்ட்' என்று எல்லை குறித்துவிட்டால் இரண்டுமே சோதனையோடு நின்றுவிடும், வெளியிடும் பொதியில் ஏறா.

பள்ளிக் கணக்கில் 'உறவுகளும் சார்புகளும்' என்று படித்த சார்பு வேறு. இரண்டும் கலந்து வரும் கட்டுரைகளில் 'சார்பு லைப்ரரி' என்று விரித்தே எழுதுங்கள்.